கண்ணாடி பனித்த நேரம்

தார்த்துவில் அன்று மைனஸ் பத்தொன்பது.
உறைந்த ஆற்றின் மேல் யாரோ நாயோடு நடந்துபோனார்கள்.
கேமராவைக் கோட்டுக்குள் அணைத்தபடி
தாவரப் பூங்காவின் கண்ணாடி வீட்டுக் கதவைத் தள்ளினேன்.
உள்ளே இருபத்தாறு டிகிரி. ஈர மண். சொட்டும் குழாய்.

டாவெட்டின் திட்டம் கைபேசியில் இருந்தது:
'மூன்று நாற்பது. பனைக்கூடத்தின் கடைசி வளைவு.
நீங்கள் வாழைக்குப் பின்னால்.
அவளுக்கு எதுவும் தெரியாது.
எனக்கே பாதிதான் தெரியும்.'

ஜனவரியில் மூன்று மணிக்கே வெயில் கடையைக் கட்டிவிடும்.
மிச்சம், செடிகளுக்கென்று எரியும் ஊதா விளக்கு.
பெகோனியாவுக்கு அது சோறு,
மனித முகத்துக்குக் கத்தரிப்பூ நிறம்.
ஃப்ளாஷ் கூடாது, ஒரு மின்னலில் ரகசியம் செத்துவிடும்.
ஐ.எஸ்.ஓ.வை ஆறாயிரத்து நானூறுக்கு ஏற்றினேன்.
ஷட்டரை நூற்றிருபத்தைந்தில் நிறுத்தினேன்;
அதற்குக் கீழே போனால்
நடுங்கும் கைகளுக்கு மன்னிப்பில்லை,
என் கையானாலும், அவன் கையானாலும்.

குளிரில் வந்த லென்ஸுக்கு
இருபது நிமிடம் தர வேண்டும்.
அதுவரை அது பார்க்காது, வியர்க்கும்.
வாழைத்தண்டில் சாய்ந்து மணி பார்த்தேன்.
மூன்று இருபத்தொன்பது.
கதவு திறந்தது.

பயந்தவன் சீக்கிரம் வருவான்.
இத்தனை வருடத்தில் இதைக்கூடவா கற்கவில்லை நான்?

டாவெட், ஒரு கையில் தொப்பி,
மறு கை பாக்கெட்டுக்குள் புதைந்து.
பின்னால் மேலிகே, கம்பளிச் சட்டை, வட்டக் கண்ணாடி.
கேமராவை உயர்த்தினேன். பால்.
கழுத்துத் துணியால் துடைத்தேன்,
ஒரு மூச்சுக்கு இலை தெரிந்தது.
மறுபடி பால்.

வளைவில் இரண்டு கறைகள் நின்றன.
ஒன்று சட்டென்று பாதியாகக் குறைந்தது.
அழுத்தினேன். வேறென்ன செய்ய?
கண்ணைக் கட்டிவிட்ட ஆட்டத்தில் போல
ஓசை வந்த பக்கமெல்லாம் அழுத்தினேன்.

அப்போது அவள் குரல்:
"டாவெட்? எங்கே போனாய்?"

கேமராவைத் தாழ்த்தி வெறுங்கண்ணால் பார்த்தேன்.
அவள் கண்ணாடியும் வெளுத்துப்போயிருந்தது.
கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே
அவன் முகம் இருக்க வேண்டிய உயரத்தில்
அவனைத் தேடிக்கொண்டிருந்தாள்.
"கீழே" என்றான். "இங்கே. கீழே."
மனப்பாடம் செய்து வந்த முழுப் பேச்சில்
அவ்வளவுதான் மிஞ்சியது.

குனிந்து கை நீட்டினாள்.
முதலில் அகப்பட்டது அவன் காது.
ஓரடி நகர்ந்தால் கோணம் கிடைக்கும் என்று
நகர்ந்தேன்.
என் முழங்கை பட்டு ஒரு தொட்டி விழுந்து உடைந்தது.
"யார் அது?"
"அப்புறம் சொல்கிறேன். முதலில் நீ சொல்."
சொன்னாள்.
மேலே நீர்த்தெளிப்பான் சீறத் தொடங்கியதில்
எனக்குக் கேட்கவில்லை.

அறுபத்திரண்டு படங்கள். ஐம்பத்தெட்டு மூட்டம்.
தெளிந்த நான்கில் மூன்று,
அவன் முழங்கால் சேற்றை அவள் தட்டிவிடுவது.
ஒன்றில் என் கட்டைவிரல்.

வியாழக்கிழமை ஸ்டுடியோவுக்கு வந்தார்கள்.
பாதிப் பணத்தை உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன்.
டாவெட் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.
மேலிகே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவள்
ஏழாவதில் நின்றாள்:
ஊதாப் பாலில் உயரமாக ஒரு நிழல், குட்டையாக ஒன்று.
"நானும் இப்படித்தான் பார்த்தேன்" என்றாள்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
ஸ்டுடியோவில் ஹீட்டர் பழுது, அறையெங்கும் குளிர்,
கண்ணாடி பனிக்க ஒரு காரணமும் இல்லை.

சோபாவுக்கு மேல் மாட்டப் பெரிதாக வேண்டுமாம்.
பில் எழுதினேன்.
பெகோனியாத் தொட்டி ஒன்று, எட்டு யூரோ,
அதை என் கணக்கில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒருவன் கூப்பிட்டிருக்கிறான்,
நீராவிக் குளியலறையில் கேட்கப் போகிறானாம்.
கேமராவை எதில் சுற்றுவது என்று யோசிக்கிறேன்.
நான் எதை உடுத்துவது என்றும்.